மூதாதையர் நடைபாதை

தேன்காரனுக்கு இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருந்தன. வலது கால் முன்னே போனால் இடது கால் யோசித்துவிட்டுத்தான் வந்தது. காட்டைச் சுற்றிப் போகும் தார் ரோட்டில் ஒரு பகல் முழுக்க நடந்தும், வராத பஸ்ஸுக்கு நின்றும், வந்த பஸ்ஸில் நின்றும், மறுபடி நடந்தும், ஆஸ்பத்திரி வரை போய் ‘டாக்டர் கிளம்பிட்டார்’ என்ற சேதியை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தான். கூடவே ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி. அவள் வாசலில் உட்கார்ந்து, வீங்கின பாதத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுக்கின இடத்தில் குழி அப்படியே நின்றது.

“பாரு, கால்ல குளம் வெட்டியாச்சு,” என்றாள். “தண்ணி விட்டா மீன் வளக்கலாம்.”

காட்டில் தேன் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்து, அவன் கையில் தேன் ஒட்டியே வருஷக்கணக்காகிறது. பெயரை எடுக்கத் தனி உத்தரவு எதுவும் வராததால் அது மட்டும் தங்கிவிட்டது. அவனையும் அவன் ஆட்களையும் காட்டுக்குள்ளிருந்து கூட்டிவந்து, காட்டின் ஓரத்தில் ஒரே மாதிரி வீடுகள் கட்டிக் குடிவைத்திருந்தது காட்டிலாகா. எல்லா வீட்டுக் கதவும் காட்டைப் பார்த்து இருந்தது. அதாவது, பார்த்துக்கொள்ளலாம்.

வீடுகளுக்கு எதிரிலிருந்தே காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போகும். அவன் தாத்தனுக்கும் முந்தினவர்கள் நடந்து நடந்தே உண்டாக்கினது. அந்தப் பக்கம் டவுன். டவுனின் முதல் கட்டடமே ஆஸ்பத்திரி. காலையில் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வருமுன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். அந்தப் பாதையின் வாயில் இப்போது முள்கம்பியும் ஒரு பலகையும் இருந்தன. ‘மனித நடமாட்டம் வனத்தைப் பாதிக்கும்.’

அவர்களுடைய முதல் குழந்தை தார் ரோட்டில்தான் பிறந்தது. பஸ் வராத ஒரு நிறுத்தத்தில், கூரை உடைந்த பக்கமாக. அது அழவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

“இந்தத் தடவை நான் ரோடு வழியா போகமாட்டேன்,” என்றாள் மனைவி. “பாதையைத் தொறக்கச் சொல்லு.”

“யார்கிட்டச் சொல்ல?”

“பூட்டினவன்கிட்ட.”

பூட்டினவர் ரேஞ்சர். அவருடைய அறையில் மரம் வெட்டுவதைக் கண்டித்து ஒரு சுவரொட்டி இருந்தது. அதன் கீழே அவருடைய மேஜை. ஒரே பலகையில் செய்தது. குறுக்கே இரண்டு பேர் படுக்கலாம். அந்த அகலத்துக்கு இனிமேல் காட்டில் மரமே கிடையாது என்று ரேஞ்சர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே மேஜையைத் தடவினார்.

“பாதையை நாங்க மூடலப்பா. மானுக்காக மூடினோம்.”

“மான் ஏதும் கேட்டுச்சா சார்?”

“ஆய்வு பண்ணியிருக்காங்க. மனுஷன் நடக்கிற சத்தம் கேட்டா மானுக்கு மன அழுத்தம் வருது. அழுத்தம் வந்தா மேயாது. மேயலைன்னா குட்டி தங்காது. கர்ப்பமா இருக்கிற மானை நெனச்சுப் பாரு.”

தேன்காரன் நினைத்துப் பார்த்தான். “என் சம்சாரமும் கர்ப்பமாத்தான் இருக்கா சார். கால் வீங்கிக் கெடக்கு.”

“அது சுகாதாரத் துறை.”

“அங்க கேட்டேன் சார். பாதை உங்க துறைன்னாங்க.”

“பாதை எங்களுது. அதுல நடக்கிறது எங்களுது இல்ல.” ரேஞ்சர் நாற்காலியில் சாய்ந்தார். கருணையுள்ள மனிதர், விளக்கிச் சொல்ல அவருக்கு எப்போதும் நேரம் இருந்தது. “இத பாரு. அந்தப் பாதைல மான் போகலாம், கரடி போகலாம், பன்னி போகலாம். நீ போகக் கூடாது. ஏன்? நீ மனுஷன். அந்த அந்தஸ்தை உனக்கு இந்த இலாகா குடுத்திருக்கு. மத்த எந்த இலாகாவாவது குடுத்துச்சா?”

குடுக்கவில்லை என்று தேன்காரன் ஒப்புக்கொண்டான்.

“அப்புறம் என்ன. மேல நலப்பிரிவு இருக்கு, போய்ப் பாரு. உங்களைக் கவனிக்கத்தான் அந்த அம்மாவைப் போட்டிருக்கு. நாங்க காட்டைக் கவனிக்கிறோம்.”

மாடியில் ‘வனவாழ் மக்கள் நலப்பிரிவு’ இருந்தது. வனத்தில் வாழ்பவர் ஒருவரும் இல்லாமல் ஆக்கிய பிறகு தொடங்கியதால் பிரிவுக்கு வேலை நெருக்கடி கிடையாது. சுவரெங்கும் வில், தேன்குடுவை, கூடை என்று மாட்டியிருந்தார்கள். ஒரு கூடையின் அடியில் அவனுடைய அப்பன் போட்ட கோணல் முடிச்சு தெரிந்தது.

“அது எங்க அப்பாவோட கூடை மேடம். சோதனை போட்டப்ப எடுத்துட்டுப் போனாங்க.”

“இருக்கலாம்,” என்றார் நல அதிகாரி. “தொடாதீங்க. பாரம்பரியம்.”

அவருக்கு அவர்கள்மேல் உண்மையிலேயே பிரியம். பேச ஆரம்பித்தாலே கண் கலங்கிவிடும். உங்களை நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை என்று சொல்லிவிட்டு, டீ ஆறி ஆடை கட்டும் வரை பேசினார். நடுவில் மூச்சு வாங்கின ஒரு இடத்தில் தேன்காரன் பாதை என்ற சொல்லை உள்ளே நுழைத்துவிட்டான்.

“பாதையா?” அதிகாரி எழுந்து நின்றார். “எத்தனை தலைமுறையா நடக்கிறீங்க?”

“அது தெரியாது மேடம். அவளுக்கு இது ஆறாம் மாசம்…”

“தெரியாத அளவுக்குப் பழசு.” அவர் கண் மறுபடி கலங்கியது. “இதுக்கு ஒரு கலந்தாய்வு வெச்சே ஆகணும்.”

கலந்தாய்வு டவுனில், குளிர்சாதன மண்டபத்தில் நடந்தது. குடியிருப்பு மொத்தத்தையும் லாரியில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், மேடையில் ‘இவர்களின் குரலைக் கேட்போம்’ என்று துணி. குரலைக் கேட்பது எப்படி என்று வெளியூரிலிருந்து வந்த மூன்று நிபுணர்கள் விளக்கினார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு நல அதிகாரி பேசினார்.

“காடும் இந்த மக்களும் வேறு வேறு அல்ல. இரண்டும் ஒன்றே. ஆகவே ஒன்றைக் காப்பாற்றினால் போதும், இன்னொன்று தானாகவே காப்பாற்றப்படும். இதில் அரசுக்குப் பெருஞ்செலவு மிச்சமாகிறது. இந்த மக்களின் நலனுக்காக நாங்கள் செய்த முதல் காரியம், இவர்களிடமிருந்து காட்டைப் பாதுகாத்தது. இரண்டாவது காரியம், காட்டிடமிருந்து இவர்களைப் பாதுகாத்தது. இப்போது இரண்டும் தனித்தனியே பாதுகாப்பாக இருக்கின்றன. மூன்றாவதாக, இரண்டையும் மீண்டும் அறிமுகம் செய்துவைக்கப் போகிறோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பிஸ்கட் பாக்கெட் கையில் இருந்ததால் குடியிருப்பு ஆட்களின் கைதட்டல் நொறுங்கின சத்தமாகக் கேட்டது.

நேரம் முடியப்போகும்போது ஒலிபெருக்கியைத் தேன்காரனிடம் கொடுத்தார்கள். “பாதையைத் தொறந்து விடுங்க,” என்றான். அதற்குள் அது கை மாறிவிட்டது. அந்த எளிய மனிதர் கேட்டது கல்வி, தொழில், முன்னேற்றம் இவற்றின் பாதையைத்தான் என்று தலைமை விருந்தினர் எடுத்துச் சொன்னார். தனக்கே தோன்றாத இத்தனையையும் தான் கேட்டிருக்கிறோமா என்று தேன்காரனுக்கு மலைப்பாக இருந்தது.

“கேட்டியா, என்னத்தையோ பெருசா கேட்டுட்டே நீ,” என்றான் பக்கத்திலிருந்த மச்சான். மனைவியின் அண்ணன், லாரியில் மூட்டை ஏற்றி இறக்குபவன். திரும்பி வரும்போது லாரியில் அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் உட்கார்ந்திருந்தான்.

“இது மண்டபத்து நாற்காலி மச்சான்,” என்றான் தேன்காரன்.

“ஆமா. நம்ம கூடை அவங்க சுவத்துல இருக்கு. அவங்க நாற்காலி நம்ம வீட்ல இருக்கட்டும். பாரம்பரியம், தொடாத.”

எப்படியோ, பாதை திறந்தது. முள்கம்பியை வெட்டினார்கள். திறப்பு விழாவுக்குக் கார்கள் உள்ளே போக வேண்டும் என்பதால் பாதையை நாலு ஆள் அகலத்துக்கு வெட்டினார்கள். வெட்டின மரங்களின் நினைவாக, வெட்டாத மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். கரடி நடமாடும் திருப்பத்தில் சிமெண்டில் ஒரு கரடி வைத்தார்கள். அதைப் பார்த்த நாள் முதல் நிஜக் கரடி அந்தப் பக்கம் வருவதில்லை. மானின் மன அழுத்தம் பற்றி ரேஞ்சரிடம் தேன்காரன் கேட்டான். புது ஆய்வு வந்துவிட்டது என்றார் அவர். கட்டணம் செலுத்தி வரும் மனிதர்களைப் பார்த்தால் மானுக்கு அழுத்தம் வருவதில்லையாம்.

வாசலில் வளைவு எழும்பியது: ‘மூதாதையர் நடைபாதை. நுழைவுக் கட்டணம் உண்டு.’

“நாங்க எப்ப நடக்கலாம் சார்?” என்று தேன்காரன் கேட்டான்.

“நடக்கலாமே. தாராளமா. சுற்றுலாப் பயணிங்க வந்தா அவங்களுக்கு நீதான் வழிகாட்டி.”

வழிகாட்டிக்கு உடை வந்தது. தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கும் இலையாடை. நிஜ இலையைப் பறிப்பது தண்டனைக்குரியது என்பதால் பிளாஸ்டிக் இலை.

“எங்க ஆளுங்க இந்த மாதிரி போட்டதில்ல மேடம். எங்க தாத்தாவே சட்டைதான் போடுவாரு.”

“அது உங்க மறதி,” என்றார் நல அதிகாரி பரிவோடு. “நாங்க ஞாபகப்படுத்துறோம்.”

ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லவேண்டியதை அவரே எழுதி, அவன் தப்பில்லாமல் ஒப்பிக்கும் வரை விடவில்லை. அதில் தேன்காரனும் அவன் ஆட்களும் ‘இவர்கள்’ என்று வந்தார்கள். இவர்கள் எளியவர்கள். இவர்கள் ஆசையற்றவர்கள். இவர்களுக்கு நேரம் என்ற கவலை கிடையாது. முதல் நாள் ஒரு பயணி, “இவங்கன்னா யாரு, எங்க இருக்காங்க?” என்று சுற்றுமுற்றும் தேடினார். தேன்காரன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவர் ஏமாந்துபோனது முகத்தில் தெரிந்தது.

அன்றைக்குப் பயணிகளை டவுன் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பலாமென்று காலெடுத்து வைத்தான். அந்த வாசலில் காவலுக்கு இருந்த அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

“எங்க போற?”

“வீட்டுக்குக்கா.”

“பயணி எங்க?”

“விட்டுட்டேன்.”

“பயணி இல்லாம நீ உள்ள போனா அது மனித நடமாட்டம்ப்பா. பயணியோட போனாத்தான் சுற்றுலா. ரோடு வழியா போ.”

ஆகவே தினமும் காலையில் காட்டைக் குறுக்கே கடந்தான், சாயங்காலம் காட்டைச் சுற்றி வந்தான். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் வலித்த முழங்கால் இப்போது மாதச் சம்பளக்காரன் மாதிரி ஒழுங்காக வலித்தது.

“மொத்தத்துல பாதையைத் தொறந்துட்டாங்க, நமக்கு மட்டும் மூடியிருக்கு,” என்றாள் மனைவி. எண்ணெய் தேய்த்த கையை அவன் முழங்காலிலிருந்து எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தாள். “டிக்கெட் என்ன வெலை?”

“ஏன்?”

“நானும் சுத்திப் பாக்கப் போறேன்.”

மாதம் நிறைந்து, வலி ஒரு காலையில் வந்தது. தேன்காரன் பிளாஸ்டிக் இலையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் ஏதும் கேட்கவில்லை. மண்டபத்து நாற்காலியை எடுத்தான். இரண்டு பக்கமும் கழி வைத்துக் கயிற்றால் இறுக்கினான். தங்கையைத் தூக்கி உட்காரவைத்தான். லாரியில் எத்தனையோ மூட்டை ஏற்றினவன். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் இறக்கி யாரும் பார்த்ததில்லை.

நடைபாதை வாசலில் இருந்த காவலர் ஓய்வு பெற நெருங்கிக்கொண்டிருந்தவர். கழுத்தில் விசில். ஓய்வுக்குள் எந்த வம்பும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

“ரெண்டு டிக்கெட்,” என்றான் தேன்காரன்.

“யாருக்கு?”

“இவங்களுக்கு.”

“இவங்க உள்ளூர் ஆளுங்கப்பா. பயணின்னா வெளியூர்ல இருந்து வரணும்.”

“நாங்க வெளியூர்தாங்க,” என்றான் மச்சான். “எங்க உள்ளூர் இந்தக் காட்டுக்குள்ள இருந்துச்சு. நீங்கதானே எங்களை வெளியூர் ஆக்கினீங்க.”

காவலர் இதை மனதுக்குள் மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. “பாத்தா பயணி மாதிரி தெரியலையேம்மா,” என்றார் கடைசி நம்பிக்கையாக.

“ஏன், நாற்காலில உக்காந்து வந்திருக்கேன், என்னை ரெண்டு ஆள் தூக்கறாங்க,” என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. “இதுக்குமேல பயணி எப்படி இருப்பா?”

தேன்காரன் அதுவரை வாங்கின கூலி மொத்தமும் இரண்டு டிக்கெட்டானது. அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. பயணிகள் வெறுங்காலோடு போகக் கூடாது, பாம்பு. காவலர் தன்னுடைய ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். வீங்கின கால் அதற்குள் போகவில்லை. காலில்தான் போட வேண்டும் என்று விதியில் இல்லை, கூட இருந்தால் போதும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, பூட்ஸை நாற்காலியின் கைப்பிடியில் தொங்கவிட்டார். வழக்கமில்லாத பயணிகளோடு காவலர் ஒருவர் போக வேண்டும் என்று விதி இருந்ததால், வெறுங்காலோடு பின்னாலேயே வந்தார்.

தேன்காரன் முன்கழி, மச்சான் பின்கழி. பாதை நிழலாக இருந்தது. முதல் நிறுத்தத்தில் தேன்காரன் நிற்காமல் நடந்தான். பின்னாலிருந்து விசில் வந்தது.

“நிறுத்தம்ப்பா. சொல்லிட்டுப் போ.”

“என்னண்ணே, இவளை வெச்சுக்கிட்டா?”

“கேமரா இருக்கு.” காவலர் குரலைத் தாழ்த்தி மரத்தைக் காட்டினார். “கரடிக்காக வெச்சது. கரடி ஒண்ணும் விழல, நாமதான் விழறோம். நீ நின்னு வாயசைக்கிற மாதிரி தெரியணும். எனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு இருக்குப்பா.”

தேன்காரன் நாற்காலியை இறக்கினான். மூச்சு வாங்கியது. “வருக. இவர்கள் எளியவர்கள். இயற்கையோடு இணைந்தவர்கள்…”

“யாரு எளியவங்க?” என்றாள் மனைவி.

“நாமதான்.”

“ம். சொல்லு.”

“இவர்கள் ஆசையற்றவர்கள்…”

“எனக்கு இப்ப ஒரு டாக்டரைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. அதைச் சேத்துக்க.”

சிமெண்டுக் கரடியின் திருப்பத்தில் வலி நெருங்கி நெருங்கி வந்தது. அவள் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே சொல்லவேண்டிய வசனம் தேன்காரனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. நிற்கிறான், விழிக்கிறான். மறந்துவிட்டான் என்று நினைத்த காவலர், தினமும் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்ததால், எடுத்துக் கொடுத்தார்.

“இவர்களின் பெண்கள்…”

“வேணாம்ண்ணே.”

“சொல்லுய்யா,” என்றாள் மனைவி. “காசு குடுத்திருக்கேன்ல. முழுசா கேட்டுட்டுத்தான் போவேன்.”

தேன்காரன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “இவர்களின் பெண்கள் மருத்துவமனை அறியாதவர்கள். மரநிழலில், வலி என்பதே தெரியாமல், புன்னகையோடு மகவை ஈன்றெடுப்பவர்கள்.”

மச்சான் கரடியைப் பார்த்தான். காவலர் விசிலைப் பார்த்தார்.

“யார் எழுதினது?” என்றாள் அவள்.

“நலப்பிரிவு மேடம்.”

“அவங்களுக்கு எத்தனை புள்ள?”

“ஒண்ணு. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரில.”

“அந்த அம்மாவை ஒரு தடவை இந்த நாற்காலில உக்கார வை. நான் தூக்கறேன்,” என்றாள். மச்சானுக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. “அண்ணா, நடங்க,” என்றாள்.

கடைசி நிறுத்தத்தைத் தாண்ட முடியவில்லை. அது அமைதிப் பாறை. ‘இங்கே பேசாதீர். காட்டின் குரலுக்குச் செவிகொடுங்கள்’ என்று பலகை. பாறையில் நின்றால் மரங்களுக்கு நடுவே ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவள் தொட்டியைப் பார்த்தாள். “அவ்ளோதான்யா. இறக்கு,” என்றாள்.

இறக்கினார்கள்.

“இங்க கத்தலாமா?” என்று காவலரைக் கேட்டாள்.

“கூடாதும்மா,” என்றார் அவர், பரிதாபமாக.

“சரி,” என்று சொல்லிவிட்டு அவள் கத்தினாள். நாலாபக்கமும் மரங்களிலிருந்து பறவைகள் கிளம்பின. பழக்க தோஷத்தில் காவலர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். தேன்காரனின் தோளிலிருந்து பிளாஸ்டிக் இலையாடையைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த உடையால் யாருக்காவது ஒரு உபயோகம் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

மச்சான் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தேன்காரன் மண்டியிட்டான். அந்த முழங்கால் அப்போது வலித்ததா என்று பிற்பாடு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. ரத்தமும் வேர்வையும் அவள் வசவுமாகக் கொஞ்ச நேரம் போனது. பிறகு குழந்தை அவன் கைக்கு வந்தது. பெண்.

சத்தம் இல்லை. பலகையில் எழுதியிருந்தபடி எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். காட்டின் குரல் நன்றாகக் கேட்டது. தேன்காரன் குழந்தையைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தான். வாய்க்குள் விரல் விட்டு வழித்தான். மறுபடி தேய்த்தான். மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தையைப் பார்க்கவில்லை.

அது அழுதது.

முதலில் பூனை மாதிரி. அப்புறம் காடு முழுக்க. நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. காவலர் பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு நகர்ந்து போய், எழுத்து தெரியாதபடி அதன் முன்னால் நின்றுகொண்டார்.

வெளிவாசலில் அந்த அக்கா தடுத்தாள். எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி.

“கெளம்பறப்ப காவலர் மூணு பேருன்னுதான் போன்ல சொன்னாரு. என்ன கையில?”

“குழந்தைக்கா. ரத்தம் நிக்கல, சீக்கிரம் விடு.”

அக்காவுக்கும் மனசு கேட்காமல் இல்லை. ஆனால் அவள் தலைக்குமேல் பலகை இருந்தது. காட்டில் உண்டான எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. இலை, இறகு, தேன், எந்த உயிரின் குட்டியும். ரேஞ்சருக்குப் போன் போட்டாள். ஒலியைக் கூட்டிப் பிடித்தாள்.

“எங்க பொறந்தது?” என்றது ரேஞ்சரின் குரல்.

“அமைதிப் பாறையில சார்.”

“அங்க குடியிருப்பே கிடையாதே. அப்ப குடிமகன்னு எடுக்க முடியாது.” அவர் யோசிக்கிற சத்தம் கேட்டது, மேஜையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். “வன விளைபொருள்னா வெளிய விடக் கூடாது. வனவிலங்குன்னா சுத்தமா விடக் கூடாது. மிச்சம் இருக்கிறது பயணி. பயணின்னா விடலாம்.”

“அப்ப பயணின்னு போட்டுக்குங்க சார்,” என்றான் தேன்காரன்.

“டிக்கெட் இருக்கா?”

“உள்ள போறப்ப என் வயித்துலதான இருந்தா,” என்றாள் மனைவி. குரல் மெலிந்துவிட்டது, வாய் மெலியவில்லை. “என் டிக்கெட்லயே வந்தா.”

“உள்ள போறப்ப அது உங்க உடைமைம்மா. உடைமைக்குக் கட்டணம் இல்ல. வெளிய வர்றப்ப தனி ஆள். சின்ன வயசுங்கிறதால அரை டிக்கெட் போதும். இலாகா ஒண்ணும் கல்நெஞ்சு இல்ல.”

அரை டிக்கெட்டுக்குத் தேன்காரனிடம் காசு இல்லை. மச்சானிடமும் இல்லை. வெறுங்காலோடு வந்த காவலர் சட்டைப் பையைத் தடவினார், விசில்தான் இருந்தது.

“பரவால்ல, பாக்கி வெச்சுக்குங்க,” என்றார் ரேஞ்சர். “நான் சொன்னேன்னு விட்டுடு.”

தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் அன்றைக்கு இருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயைப் பார்த்திருக்க முடியாது என்றார். ரத்தம் ஏற்றினார்கள், இரண்டு நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். திறந்ததும் குழந்தை எங்கே என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தது.

நலப்பிரிவு மேடம் பூங்கொத்தோடு வந்தார். குழந்தையைப் பார்த்ததும் கண் கலங்கி, வழக்கம்போலப் பேச்சே வராமல் நெடுநேரம் பேசினார். அடுத்த வாரம் அமைதிப் பாறையில் இன்னொரு பலகை வந்தது. அதில் எழுதினதே சிமெண்டுக் கரடித் திருப்பத்தின் வசனத்திலும் ஒரு வரியாகக் கூடியது. ‘இன்றும் இவர்களின் பெண்கள் அமைதிப் பாறைமேல் இயற்கையாகவே பிரசவிக்கிறார்கள், ஆகவே இவர்களுக்கு மருத்துவமனைக்குப் பாதை தேவைப்படுவதில்லை.’ அதைத் தேன்காரன்தான் சொல்ல வேண்டும். சொல்கிறான். அந்த வரி வரும்போது வாயை மட்டும் அசைக்கிறான். கேமராவில் சரியாகவே விழுகிறது.

குழந்தை இப்போது தானாக நடக்கிறாள். ஊசி போட, காய்ச்சலுக்கு என்று ரோடு வழியாகத்தான் கொண்டுபோகிறார்கள். தேன்காரன் பயணிகளோடு வெளிவாசலுக்கு வரும்போதெல்லாம் அந்த அக்கா, வேலை என்று வந்துவிட்டதால், அரை டிக்கெட் பாக்கியை மறக்காமல் கேட்கிறாள். அவன் வீட்டில் வந்து சொல்கிறான்.

“குடுக்காத,” என்கிறாள் மனைவி. “குடுத்தா அவ பயணின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

நடைபாதைக் கட்டணம் இரண்டு தடவை ஏறிவிட்டது. பாக்கியும் கூடவே ஏறுகிறது. காட்டில் பிறந்ததற்காக, காட்டைவிட்டு வெளியே வந்ததற்காக, அந்தப் பெண் காட்டிலாகாவுக்கு ஒரு அரை டிக்கெட் இன்னும் தரவேண்டியிருக்கிறது.